ஒரு பருவம் முழுக்க ஓர் அணி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளியில் படிக்கும் இளம் வாசகருக்கு,

ஊரின் பெயரையோ மாநிலத்தின் பெயரையோ தாங்கி, ஏலத்தில் எடுத்த வீரர்களோடு ஆடும் தொழில்முறை அணிகளின் போட்டிதான் ஹாக்கி இந்தியா லீக். 2013இல் தொடங்கி 2017 வரை ஐந்து பருவங்கள் நடந்து, பிறகு நின்றுபோனது. அந்த ஐந்து பருவங்களிலும் தமிழ்நாட்டுக்கு அணி கிடையாது. அதற்கு முன் 2005இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. 2012இல் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் இருந்தது. அந்தப் போட்டிகள் நின்றபோது அணிகளும் கலைந்தன. ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பர் 28 அன்று ஒடிசாவின் ரூர்கேலாவில் மீண்டும் தொடங்கியபோதுதான் தமிழ்நாடு டிராகன்ஸ் உருவானது. தமிழ்நாட்டில் ஹாக்கி பார்க்கும் ஒரு பிள்ளை பருவம் முழுக்கப் பின்தொடர இப்போது சொந்தமாக ஓர் அணி இருக்கிறது. அதை எப்படிப் பின்தொடர்வது என்பதே இந்தக் கடிதத்தின் பொருள்.

லீக் நடக்கும் காலம் இந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பானது. மார்கழியின் நடுவில் தொடங்கி, பொங்கலைக் கடந்து, தை மாதத்தில் முடிகிறது. ஆண்டாள் கோயில் தெருக்களில் விடியுமுன் கோலம் போடும் நாட்களில் ஆட்டம் சூடுபிடித்திருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும்; பொதுத்தேர்வின் நெருக்கடி இன்னும் வந்திருக்காது. ஆட்டங்களும் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான். 2024-25 பருவத்தில் தூர்தர்ஷனின் டிடி ஸ்போர்ட்ஸ் ஆட்டங்களை ஒளிபரப்பியது. மாதக் கட்டணம் கேட்காத டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி உள்ள வீட்டிலும் அந்தச் சேனல் வரும். சோனி ஸ்போர்ட்ஸ் சேனல்களும், கைபேசியில் பார்ப்பவர்களுக்குப் பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியும் அப்போது ஆட்டங்களைக் காட்டின. ஒளிபரப்பு உரிமை ஆண்டுதோறும் கைமாறக்கூடியது. ஆகவே பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த ஆண்டுக்குரிய சேனலைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். முதல் ஆட்டத்தன்று தேடத் தொடங்கினால் முதல் பாதி போய்விடும்.

அட்டவணை கைக்கு வந்ததும் அதன் கட்டமைப்பைப் புரிந்துகொள்வது அடுத்த வேலை. 2024-25 பருவத்தில் எட்டு அணிகள் ஆடின. ஒவ்வொன்றும் மற்ற ஏழு அணிகளையும் ஒருமுறை சந்தித்தது. பிறகு நான்கு நான்காகப் பிரிந்து, தன் பிரிவில் உள்ள மூன்று அணிகளை மீண்டும் சந்தித்தது. ஆக ஓர் அணிக்குப் பத்து ஆட்டம். முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் அரையிறுதிக்குப் போயின. மொத்தம் 44 ஆட்டங்கள். நாற்பத்து நான்கையும் உட்கார்ந்து பார்ப்பது ஒரு மாணவருக்கு இயலாது, தேவையும் இல்லை. டிராகன்ஸ் ஆடும் பத்தையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். டிராகன்ஸ் அடுத்துச் சந்திக்கவிருக்கும் அணியின் முந்தைய ஆட்டத்தில் பாதியாவது பார்க்க வேண்டும். மற்றவற்றின் முடிவை மறுநாள் நாளிதழில் படித்தால் போதும். நாற்பதை அரைகுறையாகப் பார்ப்பவரைவிட, ஓர் அணியின் பத்து ஆட்டங்களைக் கூர்ந்து பார்ப்பவருக்கே ஹாக்கி பிடிபடுகிறது. அடுத்த பருவங்களில் ஆட்ட முறையும் நடக்கும் இடமும் மாறலாம். 2026 ஜனவரியில் தொடங்கிய பருவம் சென்னை, ராஞ்சி, புவனேஸ்வர் என மூன்று ஊர்களில் நடந்தது. எத்தனை ஆட்டம் என்றாலும் கணக்கு இதுதான்: சொந்த அணியின் ஆட்டம் ஒன்றுகூடத் தவறக்கூடாது.

கண்ணுக்குப் பழக்கமில்லாத அணியின் மீது ஒட்டுதல் வராது. ஆகவே வீரர் பட்டியலை முன்கூட்டியே படித்துவைப்பது நல்லது. 2024-25 பருவத்தில் ஒவ்வோர் அணியிலும் 24 பேர். அவர்களில் எட்டுப் பேர் வெளிநாட்டவர். 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் நெதர்லாந்தின் யிப் யான்சனை டிராகன்ஸ் 54 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. இந்தியத் தடுப்பாளர் அமித் ரோஹிதாஸ், அயர்லாந்தின் கோல்கீப்பர் டேவிட் ஹார்ட் ஆகியோரும் அந்த அணியில் இருந்தார்கள். இவர்களோடு எஸ். கார்த்தியும் இருந்தார். அரியலூர்க்காரரான அவர் பயிற்சி பெற்ற இடம் ராஜபாளையத்திலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டரில் உள்ள கோவில்பட்டி. அதே கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலுடன் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குப் போய், பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டவர். கரிசல் மண்ணில் பழகிய கால்கள் சர்வதேசக் களத்தில் ஓடுவதைப் பார்க்கும்போது எழும் பற்று, பருவத்தைத் தொடர்ந்து பார்க்கவைக்கும் வலுவான காரணங்களில் ஒன்று. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒரு நோட்டு வேண்டும். சிவகாசியில் அச்சான சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். ஆட்டத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டும். ஹாக்கி ஆட்டம் பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு கால்பகுதிகள் கொண்டது. ஆகவே பக்கத்தை நான்காகக் கோடு போட்டுப் பிரிக்கலாம். கோல் போட்டவர் பெயரை எல்லோரும் எழுதுவார்கள். அதை நாளிதழே தரும். எதிரணியின் ‘டி’க்குள் எத்தனை முறை நுழைந்தார்கள், பந்து எந்தப் பக்கமாக உள்ளே போனது, எந்த நிமிடத்தில் யார் அட்டை வாங்கினார் என்பவையே எழுத வேண்டியவை. இந்த ‘டி’ கோல் கம்பங்களிலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் வளைந்து செல்லும் கோடு. அதற்குள் தாக்கும் அணியின் ஸ்டிக் பட்டுப் பந்து போனால்தான் கோல் செல்லும். கால்பந்தைப்போல நடுக்களத்திலிருந்து அடித்துக் கோல் போட வழியில்லை. ஆகவே ‘டி’க்குள் நுழைந்த எண்ணிக்கையே அணியின் உழைப்பைக் காட்டும். ஆறு முறை நுழைந்து ஒரு கோல் போட்ட அணியும், இருபது முறை நுழைந்து ஒரு கோல் போட்ட அணியும் நாளிதழில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பந்தையே பார்த்துக்கொண்டிருப்பது புதிய பார்வையாளர் எல்லோரும் செய்வது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் கூட்டத்தின் கண் தேரின் உச்சியில் இருக்கும். தேர் திரும்புவதோ சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்களின் கையில் இருக்கிறது. ஹாக்கியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் பந்து இல்லாத வீரர்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு கால்பகுதியை ஒரே ஒரு வீரருக்கென ஒதுக்கி, பந்து எங்கே இருந்தாலும் அவரைத் தேடிப் பார்க்க வேண்டும். நடுக்கள வீரர் ஒருவர் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்ப்பது, முன்கள வீரர் தடுப்பாளரை வேண்டுமென்றே ஓரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் நடுவில் வழி திறப்பது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். ஆள் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். ஹாக்கியில் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆட்டம் நிற்காமலே சில நிமிடங்களுக்கு ஒருவர் வெளியே வருவார், இன்னொருவர் உள்ளே போவார். நான்காம் கால்பகுதியில் ஓர் அணி தளர்ந்தால், அதன் காரணம் பல சமயம் மூன்றாம் கால்பகுதியில் யாரை வெளியே எடுத்தார்கள் என்பதில் கிடைக்கும்.

அட்டைகள் எளியவை. பச்சை அட்டை வாங்கியவர் இரண்டு நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். சிவப்பு என்றால் அந்த ஆட்டம் முடிந்தது. அந்த நேரம் முழுக்க அணி ஓர் ஆள் குறைந்து ஆட வேண்டும்.

பெனால்டி கார்னர் அப்படிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல. கோல்களில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது. ‘டி’க்குள் தடுப்பாளர் செய்யும் தவறுக்கு இது தரப்படும். தாக்கும் அணியின் ஒருவர் கோல் கம்பத்திலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி, பின்கோட்டில் பந்தை வைத்து உள்ளே தள்ளுவார். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே பின்கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். தள்ளப்பட்ட பந்து ‘டி’க்கு வெளியே போனபின்தான் கோலுக்கு முயல முடியும். அங்கே ஒருவர் நிறுத்த, இன்னொருவர் ஸ்டிக்கின் வளைவில் பந்தை இழுத்துச் சுழற்றி வீசுவார்; அதுதான் டிராக் ஃபிளிக். ஓங்கி அடிப்பதானால் முதல் அடி கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது கோலின் அடிப்பலகைக்கு மேல், உயரக்கூடாது. இழுத்து வீசுவதற்கு அந்த வரம்பு கிடையாது. கோலின் மேல்மூலையைக் குறிவைப்பவர்கள் எல்லோரும் வீசக் கற்றுக்கொண்டது இதனால்தான். யான்சனின் விலைக்கும் காரணம் இதுவே. 2025 பிப்ரவரி 1 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ராட் பெங்கால் டைகர்ஸ் 4-3 என ஹைதராபாத் தூஃபான்ஸை வென்றபோது, அந்த நான்கில் மூன்று கோல்களை அடித்தவர் ஜுக்ராஜ் சிங் என்னும் கார்னர் வல்லுநர்.

கார்னரைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பந்து வைக்கப்படும்போது வீசுபவரைப் பார்க்காமல், பின்கோட்டில் நிற்கும் நால்வரில் முதலில் பாய்ந்து ஓடிவரும் வீரரைப் பார்க்க வேண்டும். அவர் வீசுபவரை நோக்கி நேராக, உடம்பால் கோணத்தை அடைத்தபடி ஓடுவார். முகமூடியும் கையுறையும் முழங்கால் காப்பும் அணிந்து, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் பந்தின் பாதையில் ஓடும் அந்த ஆளின் துணிச்சலுக்கு ஈடு களத்தில் வேறில்லை. முதலில் ஓடிவரும் இந்த வேலையில் அமித் ரோஹிதாஸ் உலகம் அறிந்தவர். நோட்டில் ஒவ்வொரு கார்னருக்கும் மூன்று விஷயம் எழுதலாம்: வீசியவர் யார், நேரே வீசினாரா அல்லது பக்கத்தில் தள்ளி ஏமாற்றினாரா, தடுத்தது ஓடிவந்தவரா கோல்கீப்பரா. ஐந்தாறு ஆட்டம் ஆனதும் அணியின் பழக்கம் பக்கங்களில் தெளிவாகத் தெரியும்.

புள்ளிப் பட்டியலைத் தானே எழுதி வளர்ப்பது நல்ல பயிற்சி. 2024-25இல் அறுபது நிமிடத்துக்குள் வென்ற அணிக்கு மூன்று புள்ளி. சமனில் முடிந்தால் ஷூட்-அவுட். அதில் வென்றவருக்கு இரண்டு, தோற்றவருக்கு ஒன்று. ஷூட்-அவுட்டில் வீரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடி, எட்டு நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்ட வேண்டும். டிராகன்ஸின் முதல் பருவம் உடைந்ததும் இந்த எட்டு நொடிகளில்தான். அரையிறுதியில் பெங்கால் டைகர்ஸுடன் சமன் செய்து, ஷூட்-அவுட்டில் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மா கிளப்பிடமும் தோற்று நான்காவதாக முடித்தது. இறுதி வரை பார்த்தவருக்கு அது வலித்திருக்கும்.

மகளிர் லீக் 2025 ஜனவரியில் ராஞ்சியில் நான்கு அணிகளோடு தொடங்கியது. ஒடிசா வாரியர்ஸ் முதல் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டுக்கு அதில் அணி இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை. ஸ்டிக் பிடிக்கும் பெண் பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்காமல் ஏதாவது ஓர் அணியைத் தேர்ந்து அதே நோட்டு முறையில் பார்க்கலாம்.

தொலைக்காட்சி பந்தைத்தான் காட்டும். களம் முழுவதையும் காட்டாது. ஆகவே பருவத்தில் ஓர் ஆட்டத்தையாவது நேரில் பார்க்க வேண்டும். சென்னையில் ஆட்டம் இருந்தால் பொதிகை எக்ஸ்பிரஸ் பெரும் உதவி. செங்கோட்டையிலிருந்து வரும் அந்த வண்டி ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்று, மறுநாள் காலை எழும்பூர் சேரும். மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானமும் எழும்பூரில்தான். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதியில் இந்தியா 1-3 எனப் பின்தங்கி, பிறகு மலேசியாவை 4-3 என வென்றது இந்த மைதானத்தில்தான். பெரியவர் ஒருவர் துணையோடு போக வேண்டும். திரும்பும் வண்டி இரவிலேயே புறப்பட்டுவிடும் என்பதால் பிந்திய ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் ரயில் நேரத்தைப் பார்க்க வேண்டும். மதுரை இன்னும் அருகில். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பையின் ஆட்டங்கள் சென்னையோடு அங்கும் நடந்தன.

அதிகம் கற்றுத்தரும் மைதானம் கோவில்பட்டி. ஆண்டுதோறும் கோடையில் அங்கே செயற்கைப் புல்வெளி மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவன அணிகள் வரும்; அவற்றில் இந்திய அணிக்கு ஆடியவர்களும் இருப்பார்கள். சிவகாசி, சாத்தூர் வழியாகப் பேருந்தில் போய்விடலாம். ஆட்டத்துக்கு முன் புல்வெளிக்குத் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்கவே சற்று முன்னதாகப் போக வேண்டும். நனைந்த தரையில் பந்து துள்ளாமல் வழுக்கி ஓடும். பள்ளியின் மண் தரையில் ஆடிப் பழகியவருக்கு அந்த வேகம் வியப்பாக இருக்கும். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் இந்தத் தரை முதன்முதலாக வந்தபோது இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனதன் பின்னணியும் அங்கே விளங்கும். முதல் பாதியைப் பக்கவாட்டிலும், இரண்டாம் பாதியைக் கோலுக்குப் பின்னாலும் உட்கார்ந்து பார்க்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் கோல்கீப்பர் தன் தடுப்பாளர்களை இடம், வலம் என்று கத்தி நகர்த்துவது காதிலேயே விழும். கார்னரில் ஓடிவருபவரின் முதுகு தெரியும். வீசிய பந்து அடிப்பலகையில் மோதும் ஓசை கேட்கும். அடுத்த மார்கழியில் தொலைக்காட்சியை வைக்கும்போது, காமிரா காட்டாத அந்த இடங்களும் கண்ணில் இருக்கும்.