மருந்தேந்தும் குருதி

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் கூடங்களுக்குப் பச்சைத்தோல்கள் உப்பிடப்பட்டே வருகின்றன. உப்பு நீரை வெளியே இழுப்பதால் தோல் அழுகுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் அதே தோல் மீண்டும் நீரை ஏற்றுப் பருக்கிறது. அங்கு உழைப்போர் நாள்தோறும் காணும் இந்நிகழ்வை அறிந்தவர்க்கு மருத்துவத்தின் நுட்பம் ஒன்று எளிதில் விளங்கும்.

குருதியிலுள்ள சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டமுடையது, உட்கரு அற்றது, ஏறத்தாழ 120 நாள் உடலெங்கும் சுற்றி வருவது. உப்புச் செறிவு குறைந்த நீர்மத்தில் இட்டால் அதனுள் நீர் புகும். அணு பருத்து, சவ்வில் நுண்துளைகள் திறக்கும். அவ்வழியே மருந்து நுழையும். உப்பின் அளவை முன்போல் உயர்த்தினால் துளைகள் மூடிக்கொள்ளும்; மருந்து உள்ளே தங்கிவிடும். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்வாறு நொதிகளை அடைத்துக் காட்டினர். குருதிப் புற்றுநோய்க்குத் தரப்படும் அஸ்பராஜினேஸ் என்னும் நொதியை நேரே செலுத்தினால், உடல் அதனைப் பகையெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். சிவப்பணுவினுள் அமர்ந்த நொதியோ மறைந்திருந்தே பணிசெய்யும். புற்றணுக்கள் நாடும் அஸ்பராஜின் அணுவுக்குள் புகுந்து அங்கேயே சிதைவுறும்.

ஆயினும், சிவப்பணு மடியும்போது மருந்தும் தீர்ந்துவிடுகிறது. உட்கரு இல்லாமையால் புதிதாக ஆக்கவும் அதற்கு இயலாது. அவ்வாறெனில், வாழ்நாளெல்லாம் மருந்து வேண்டுவோர் என் செய்வர்?

ஹீமோஃபிலியா ஏ நோயுற்றோர் அத்தகையோர். எட்டாம் உறைகாரணி இன்மையால் அவர்தம் மூட்டுகளில் குருதி கசியும். நாளடைவில் நடையே முடங்கும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதற்கு வேறு வழி கண்டனர். குருதியணுக்களைப் பிறப்பிக்கும் குருத்தணுக்களை நோயாளியிடமிருந்தே எடுத்து, தீங்கிழந்த வைரஸின் துணையால் உறைகாரணிக்குரிய மரபணுவை அவற்றுள் சேர்த்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தினர். அவற்றின் வழித்தோன்றல்களான வெள்ளணுக்கள் உறைகாரணியைத் தாமே சுரந்தன. இங்குக் குருதி மருந்தைச் சுமப்பதோடு நில்லாமல், அதனைச் சமைக்கவும் செய்கிறது!

சிகிச்சை பெற்ற ஐவருக்கும், செலுத்திய அணுக்கள் வேரூன்றிய பின், கண்காணித்த காலத்தில் குருதிக்கசிவு நேரவில்லை. இம்முடிவு 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. ஐவர் என்பது சிறு எண்ணிக்கையே. புதிய அணுக்களுக்கு இடமளிக்க எலும்பு மஜ்ஜையை முதலில் கடுமையான மருந்துகளால் வெறுமையாக்க வேண்டும். அவ்வேளையில் சிறு தொற்றும் நோயாளிக்குப் பெருந்தீங்காகலாம். அந்த ஐவரும் இதனை அறிந்தே உடன்பட்டனர்.