ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறீர்களா?

1. மீன்பாசி குத்தகைக்கு விட்ட ஏரி என்றால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். குஞ்சு வாங்கி விட்டது அவர் காசு.

2. முன்னால் வந்தவரை ஒட்டி உட்காராதீர்கள். தூண்டில் நரம்பு பின்னிக்கொண்டால் இருவருக்கும் பொழுது போச்சு.

3. வீசும் முன் பின்னால் பாருங்கள். முள்ளுக்குக் காது எது, மீன் எது என்று தெரியாது.

4. தண்ணீர்மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தெரிகிற இடத்தில் தூண்டில் போடாதீர்கள். அடியில் அவற்றைப் பெற்ற விரால் காவல் நிற்கும். கிட்டே வரும் எதையும் பாய்ந்து கடிப்பதால் சுலபமாக மாட்டும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. இதில் கெட்டிக்காரத்தனம் என்ன இருக்கிறது?

5. பொடிமீனைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, எறியாமல் நீரில் விடுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் திரும்ப விடவேண்டாம். நம் மீன்களைத் தின்று தீர்க்கும், வளர்க்கவே தடை.

6. பக்கத்தில் பெரிய மீன் மாட்டினால் உங்கள் நரம்பைச் சுருட்டிக்கொள்ளுங்கள். குறுக்கே கிடந்தால் அறுத்துக்கொண்டு ஓடிவிடும். என்ன இரை என்று அப்புறம் கேட்கலாம்.

7. அறுந்த நரம்பைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கொக்கின் காலில் சுற்றினால் அவிழாது.