வெளியூர் வேலையும் எச்.ஐ.வி.யும்: குழுவில் பேச வேண்டிய பாடம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் குழுவில் மனம் விட்டுப் பேசுகிறோம். ஆனால் எச்.ஐ.வி. என்று ஆரம்பித்தாலே "அதெல்லாம் நமக்கெதுக்குங்க" என்று பேச்சை மாற்றி விடுகிறோம். இந்த மாதம் அதையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

நம் நாமக்கல் மாவட்டத்தில் பல வீடுகளில் ஆண்கள் ஊரில் இருப்பதில்லை. லாரிக்குப் போகிறார்கள். திருச்செங்கோட்டு போர் வண்டியில் ஏறி ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை போகிறார்கள். போனால் பல மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். அதனால் இது நம் வீட்டுப் பாடம்.

வெளியூர் போனாலே நோய் வருமா?

வராது. ஊர் நோயைத் தருவதில்லை. ஆனால் வெளியூர் வேலை ஆபத்துக்கு வழி திறந்து விடுகிறது. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்த தனிமை, கையில் பணம், உடம்பு வலிக்குக் குடி, "வாடா, ஒண்ணும் ஆகாது" என்று இழுக்கும் கூட்டாளிகள். உடம்புக்கு ஏதாவது வந்தால் பாஷை தெரியாத ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போக லீவும் கிடைக்காது.

நம் ஊருக்கு வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இதே நிலைதான். "அவங்கதான் நோயைக் கொண்டு வர்றாங்க" என்று பேசுவது தவறு. வேற ஊரில் நம் ஆளும் வெளியூர்க்காரர்தான்.

செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் போகும் பெண்களை மறந்து விடக் கூடாது. அங்கே மிரட்டலுக்கும் வன்கொடுமைக்கும் ஆளானால் அவர்களுக்கும் ஆபத்து உண்டு. அப்படி நடந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை உடனே தொடங்கலாம். நேரம் போகப் போக மருந்தின் பலன் குறையும்.

எப்படிப் பரவும்?

ஆணுறை இல்லாத உடலுறவு, எச்.ஐ.வி. உள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு என நான்கு வழிகள். தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே கழிப்பறைக்குப் போனால், கொசு கடித்தால் பரவாது.

"நான் ஒழுங்காத்தானே இருக்கேன்?"

கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. நம் ஒழுக்கம் நம்மைப் பற்றியது. கிருமிக்கு அது தெரியாது. கணவருக்குத் தொற்று இருந்து, அது அவருக்கே தெரியாமல் இருந்தால், வீட்டை விட்டு நகராத மனைவிக்கும் வரலாம். எச்.ஐ.வி. வந்தவர் பல வருஷம் எந்த அறிகுறியும் இல்லாமல் திடகாத்திரமாக இருப்பார். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. "நான்தான் ஆபரேஷன் பண்ணிட்டேனே, எனக்கெதுக்கு ஆணுறை?" என்று கேட்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் காப்பர்‑டியும் கர்ப்பத்தை மட்டுமே தடுக்கும். எச்.ஐ.வி.யையும் மற்ற பால்வினை நோய்களையும் தடுப்பது ஆணுறை.

வீட்டில் எப்படிப் பேசுவது?

"ஆணுறை போடச் சொன்னா, 'என் மேல சந்தேகமா, இல்ல நீ எங்காச்சும் போனியா?'ன்னு கேப்பாருங்க" என்றார் ஒரு அக்கா. உண்மைதான். சண்டையாகக் கேட்டால் சண்டைதான் வரும். குற்றம் சாட்டாமல் இருவருக்கும் சேர்த்துப் பேசலாம்:

"ஏனுங்க, ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கீங்க. நானும் வர்றேன், ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயி சர்க்கரை, பிரஷர், எச்.ஐ.வி. எல்லாம் ஒரே நாள்ல பாத்துட்டு வந்துரலாம். பிள்ளைகளுக்கு நாம ரெண்டு பேரும்தானே."

எல்லா வீட்டிலும் இது நடக்காது. அடி விழும் என்ற பயம் இருந்தால் கட்டாயப்படுத்திப் பேச வேண்டாம். நாம் மட்டும் தனியாகப் போய்ப் பரிசோதனை செய்து கொள்ளலாம். அதற்குக் கணவர் அனுமதி தேவையில்லை. அங்குள்ள ஆலோசகரிடம் வீட்டு நிலையைச் சொன்னால் வழி சொல்வார். அடி, மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

பரிசோதனை எங்கே?

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில். பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைப்பார்கள். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். சமீபத்தில் தொற்றியிருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ஆபத்துக்கு வாய்ப்பு இருந்திருந்தால் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இருவர் முடிவும் உறுதியாகும் வரை ஆணுறை அவசியம். பிறப்புறுப்பில் புண், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். பால்வினை நோய் இருந்தால் எச்.ஐ.வி. எளிதாகத் தொற்றும். கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுங்கள்.

இருக்குன்னு தெரிஞ்சா?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986ல் நம் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று மருந்தில்லை. பலர் இறந்தார்கள். அந்தப் பயம்தான் இன்னும் நம் மனசில் இருக்கிறது. 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017 முதல், தொற்று இருப்பது தெரிந்த எல்லோருக்கும் மருந்து உண்டு. முழுக் குணம் இல்லை. ஆனால் தினமும் தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது.

கர்ப்பிணிகள் முதல் மாதங்களிலேயே பரிசோதனை செய்ய வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். தாயும் குழந்தையும் சரியாக மருந்து எடுத்தால் 5க்கும் கீழே குறைத்து விடலாம்.

வெளியூர் போகிறவர் மருந்தை நிறுத்தவே கூடாது. கிளம்பும் முன்பே ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லி, போகும் ஊருக்குப் பக்கத்திலுள்ள மையத்தில் மருந்து வாங்க ஏற்பாடு செய்து கொள்ளலாம்.

சட்டம் நம் பக்கம்

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. வேலையிலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் ஒதுக்கக் கூடாது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணைக் குடியிருக்கும் வீட்டை விட்டுத் துரத்தவும் முடியாது. கணவர் இறந்ததும் "உன்னாலதான் என் மகன் போனான்" என்று மருமகளை வெளியே தள்ளும் வீடு இருந்தால், குழு போய்க் கேட்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில்

1. வெளியூர் வேலைக்குப் போகிறவருக்கு என்னென்ன சிரமங்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.
2. கணவன் மனைவியாக இருவர் நடித்து, பரிசோதனைக்குக் கூப்பிடும் பேச்சைப் பேசிப் பாருங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை. வாய் பழகினால்தான் வீட்டில் வரும்.
3. பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ ஆட்கள் திரும்பும் மாதத்தில், பஞ்சாயத்தில் பரிசோதனை முகாம் நடத்தக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
4. யாருக்குத் தொற்று இருக்கிறது என்று குழுவில் யாரும் கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால், அந்தப் பேச்சு குழுவை விட்டு வெளியே போகக் கூடாது.

கடன் தவணைக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கிறோம். உறுப்பினரின் உயிருக்கும் அப்படியே பொறுப்பேற்போம், தோழிகளே.