முளையாப் பல்லுக்கு ஒரு முன்கணக்கு

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாளில், குளிப்பை அறிவிக்கும் முன்னரே பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிடுவது வழக்கம். ஒரு பாரின் மாதிரியைக் கொண்டு மற்றொரு பாருக்கு விலை சொல்வதில்லை. 1961க்குப் பின் தூத்துக்குடியில் குளிப்பு இல்லை. எனினும் கீழவைப்பாரில் பிறந்த எனக்கு, பற்சீரமைப்பைப் பற்றிப் படிக்கையில் இவ்வழக்கமே நினைவுக்கு வந்தது.

படிக்கத் தூண்டியவள் என் தங்கை. ஒன்பது வயதில் அவளது கீழ்த்தாடையைப் பார்த்த மருத்துவர், வரப்போகும் பற்களுக்கு இடம் போதாது, பின்னால் சில பற்களை எடுக்க நேரலாம் என்றார். "முளைக்காத பல்லின் அகலம் இவருக்கு எப்படித் தெரியும்?" என்று ஆச்சி கேட்டார்கள். நல்ல கேள்வி.

கீழ் வெட்டுப்பற்கள் நான்கும் முதலிலேயே முளைத்துவிடுகின்றன. பெரிய வெட்டுப்பல் உடையோருக்குக் கோரைப்பல்லும் முன்கடைவாய்ப்பற்கள் இரண்டும் பெரும்பாலும் பெரியவையாகவே இருக்கும். டனாகா, ஜான்ஸ்டன் என்னும் இருவர் 1974இல் இதை எளிய வாய்பாடாக்கினர். நான்கு வெட்டுப்பற்களின் அகலங்களைக் கூட்டிப் பாதியாக்கி, கீழ்த்தாடைக்கு 10.5, மேல்தாடைக்கு 11 மி.மீ. சேர்த்தால், ஒரு பக்கத்து மூன்று பற்களின் மொத்த அகலம் கிடைக்கும். கூட்டுத்தொகை 23 எனில் கீழே 22, மேலே 22.5.

ஆனால் அவர்கள் அளந்த 506 பேரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்துப் பகுதியினர். பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். மொயர்ஸ் அட்டவணையும் அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து கண்டதே. தாய்லாந்து, ஹாங்காங், நம் நாட்டில் பஞ்சாப் எனப் பிற மக்களிடையே சோதித்தவர்கள், தத்தம் மக்களுக்கெனத் தனிச் சமன்பாடுகளை வகுக்க வேண்டியதாயிற்று. ஆண்களின் பற்கள் சராசரியில் சற்றுப் பெரியவை என்பதால் இருபாலருக்கும் வெவ்வேறு சமன்பாடு தேவைப்படுவதும் உண்டு.

பக்கத்துக்கு ஒரு மி.மீ. கூடுதலாக மதிப்பிட்டால், தாடை முழுவதற்கும் இரண்டு மி.மீ. இடக்குறைவு இருப்பதாகத் தோன்றும். தேவையற்ற பல் பிடுங்கலுக்கு அது வழி கோலலாம். மேலும், இவ்வளவுகளின் ஒட்டுறவுக் கெழு சுமார் 0.6 என்பதைப் புள்ளியியல் மாணவர் கவனிக்க வேண்டும். வேறுபாட்டில் பாதிக்கு மேல் சமன்பாட்டுக்கு எட்டாமலே நிற்கிறது!

நம் கரையோரப் பிள்ளைகளுக்கு இக்கணக்கைச் சோதிக்க நம் கல்லூரியே போதும். நம் வயதினருக்கு அப்பற்கள் எல்லாம் முளைத்துவிட்டன. பல் மருத்துவர் ஒருவர் துணையுடன் பாரிஸ் சாந்தில் அச்செடுத்து, வெர்னியரால் அளக்கலாம். சொத்தையும் தேய்வும் உள்ள பற்களை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.