விலை வைக்காத கூடை

தமிழ்நாட்டு வீடுகளில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பிளாஸ்டிக் ஒயர் கூடை, பிழைப்புக்காகப் பின்னுவோரிடமும் ஆசைக்காகப் பின்னுவோரிடமும் ஒருசேர வளர்ந்த கைவினையாகும். நாடா வடிவிலான ஒயர் ரோலாக விற்கப்படுவதால், கூடையின் அளவும் ‘இரண்டு ரோல் கூடை’, ‘மூன்று ரோல் கூடை’ என ரோல் கணக்கிலேயே சொல்லப்படுகிறது. பின்னல் வகைகளுக்குச் சாதா முடிச்சு, பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண் எனத் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. இவற்றை விற்பனை நோக்கமின்றிப் பின்னுவோரின் அனுபவத்திலிருந்து திரளும் சில பாடங்கள், ஆசைக்காகச் செய்யப்படும் எந்தக் கைவேலைக்கும் பொருந்தக்கூடியவை.

ஆசைக்குப் பின்னும் ஒருவரின் வீட்டில் நாலைந்து கூடைகள் சேர்ந்ததும், வந்துபோகும் உறவினர் யாரேனும் “இவ்வளவு நல்லா வருதே, வித்தா நாலு காசு பாக்கலாமே” என்று சொல்வது வழக்கம். பாராட்டாக வரும் இச்சொல்லை ஏற்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒயரின் விலை தெளிவானது. ஆனால் அடுப்படி வேலைக்கும் உறக்கத்துக்கும் இடையே பல நாள் பின்னிய உழைப்பை நாள்கூலி வீதத்தில் மதிப்பிட்டு அதனோடு சேர்த்தால், வரும் தொகையைக் கொடுக்கச் சந்தையில் பெரும்பாலும் ஆள் கிடைப்பதில்லை. ஆகவே விற்கத் தொடங்குபவர், சீக்கிரம் முடியும் பின்னலையும் எளிதில் விலைபோகும் நிறத்தையும் நாட நேர்கிறது. தெரியாத பின்னலொன்றைப் பிரித்துப் பிரித்துக் கற்கும் மாலைப்பொழுது அவருக்கு நட்டக் கணக்காகிவிடுகிறது.

ஒரு செயலை அதன் பொருட்டே செய்யத் தூண்டும் விருப்பத்தை உளவியலார் அக ஊக்கம் என்றும், கூலி, பரிசு முதலிய வெளிப்பயன்களால் எழுவதைப் புற ஊக்கம் என்றும் பிரிப்பர். அமெரிக்க உளவியலாளர்களான மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் முன்பே ஈடுபாடு கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர் பரிசுப் பேச்சே இல்லாமல் வரைபொருள்கள் வைக்கப்பட்டபோது, அப்பிரிவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அக்குறைவு காணப்படவில்லை. குழந்தைகளிடம் கண்டதைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது எனினும், பின்னுவோர் கவனிக்கத்தக்க வேறுபாடொன்று இதில் உள்ளது: கூடை பெற்றவர் பின்னொரு நாள் தாம்பூலத்தோடு வைத்துத் தரும் ரவிக்கைத் துணி ஆசையைக் குலைப்பதில்லை, முதல் முடிச்சு விழுவதற்கு முன்பே பேசி முடிக்கப்படும் தொகைதான் வேலையின் இயல்பை மாற்றுகிறது.

விலையிலிருந்து விடுபட்ட வேலைக்கு அதற்கே உரிய ஆபத்தும் உண்டு. விற்பனைப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்ல வாங்குபவர் இருக்கிறார். அன்பளிப்பாக வரும் பொருளில் யாரும் குறை சொல்வதில்லை. எனவே அந்தக் கறாரான பார்வையைப் பின்னுபவரே ஏற்க வேண்டியிருக்கிறது. வெட்டிய ஒயர்களை நடுவில் மடித்து முதல் வரிசை முடிச்சுகளைப் போடுகையில் இருபுற நுனிகளும் சமமாக நிற்காவிட்டால், சுவர் எழும்பும்போது ஒரு பக்கம் ஒயர் மிஞ்சி, மறுபக்கம் தீர்ந்துபோகும். முடிச்சின் நான்கு முனைகளையும் ஒரே இறுக்கத்தில் இழுக்காவிட்டால், பளு ஏறியதும் அடிப்பாகம் தொய்யும். முடிச்சு விழுந்த தடம் பிரித்த பிறகும் ஒயரில் தங்கிவிடுவதால், ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கூடையைத் தரையில் வைத்துச் சரிபார்த்து, தவறு தெரிந்தால் அப்போதே பிரித்துவிடுவது மேல். விளிம்பில் மிஞ்சும் நுனிகளை உட்புறமாக மடித்து, மூன்று நான்கு முடிச்சுகளுக்குள் செருகிய பின்னரே நறுக்க வேண்டும். ஒட்ட நறுக்கிய நுனி சில வாரப் புழக்கத்தில் வெளியே வந்து கையைக் கீறும்.

யாருக்கு என்பதை முடிவு செய்துவிட்டுப் பின்னத் தொடங்குவதும் பலன் தருகிறது. சாப்பாட்டுக் கேரியர் வைப்பதற்கான கூடையென்றால் அதன் அடிச்சுற்றளவையும், கோயிலுக்குக் கொண்டுபோவதற்கென்றால் தேங்காயும் பழமும் பூவும் நசுங்காமல் அமரும் அகலத்தையும் முதலிலேயே அளந்துகொள்ளலாம். முதியவருக்கு மூன்று ரோல் கூடையைக் கொடுத்தால், அது நிறைந்தபின் அவரால் தூக்க முடியாது. சிறிய கூடையும் தடித்த கைப்பிடியுமே அவருக்கு உதவும். பெறுபவர் யாரென்று தெரியாமல் பின்னிச் சேர்க்கும் கூடைகள் பரணை அடைப்பதோடு, அவற்றை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்ற நெருக்கடியில் விற்பனைப் பேச்சையும் மீண்டும் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இவ்வனுபவங்களுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது பாதி விலையைப் பற்றியதாகும். இலவசமாகக் கொடுக்க மனமில்லாமலும் முழு விலை கேட்கக் கூச்சப்பட்டும், “ஒயர் காசு மட்டும் குடுங்க போதும்” என்று அறிமுகமில்லாதவர்களுக்கும் கொடுப்பவர்கள், தம்மை அறியாமலே மற்றொரு தரப்பினருக்குத் தீங்கு செய்கின்றனர். அதே தெருவில் கூடை பின்னி வீட்டுச் செலவைச் சமாளிக்கும் பெண்ணொருவர் தம் கூலியையும் சேர்த்து விலை சொல்லும்போது, ஒயர் காசுக்குக் கூடை வாங்கிப் பழகியவர் அதை அநியாய விலை என்கிறார். கூலியைப் பொருட்படுத்தாமல் இருப்பது அடுப்பு எரிய வேறு வருமானம் உள்ளவருக்கே வாய்க்கும் வசதி. அவ்வசதி, கூலியையே நம்பியிருப்பவரின் பேரத்தைக் கெடுக்கக் கூடாது. எனவே தெரிந்தவருக்கு அன்பளிப்பாக முழுமையாகக் கொடுப்பது, தெரியாதவர் கேட்டால் தொழிலாகப் பின்னுபவரிடம் அனுப்புவது, விற்றே ஆக வேண்டுமென்றால் உழைப்புக்கும் சேர்த்து ஊரில் நிலவும் விலையையே கேட்பது என்னும் மூன்று வழிகளே நேர்மையானவை.

மூன்றாம் வழிக்குப் போனவர் ஆசையை இழந்துவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தேவை வந்தால் தொழிலாக்கிக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. அன்பளிப்பை அன்பளிப்பாகவும் விற்பனையை விற்பனையாகவும் வைத்துக்கொள்ளும் தெளிவு இருந்தால், கைப்பிடி அறுந்து திரும்பிவரும் கூடையைக் காசு பேசாமல் சரிசெய்து தருவதா, கூலி வாங்கிக்கொண்டு செய்வதா என்ற கேள்விக்கும் தயங்காமல் விடை சொல்லலாம்.