ஐயா பெட்டியில் கிடைத்த பேனாவைத் திருகாதீர்கள்

கேள்வி: திருமயம் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. இரண்டாங்கட்டில் ஓடு சரிந்துவிட்டதால் பங்காளிகள் சேர்ந்து பிரித்துக் கட்டுகிறோம். என் வீட்டுக்காரரின் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்வந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் பேனா மாதிரி ஒரு சாமான் கிடைத்தது. எழுதும் முள் இல்லை. சட்டைப்பையில் மாட்டும் கொக்கி இருக்கிறது. பக்கவாட்டில் சின்னக் குமிழ். ஆட்டினால் உள்ளே ஏதோ நகர்கிறது. ஆங்கிலத்தில் 'கேஸ்' என்று பொறித்திருப்பதாகப் பையன் சொல்கிறான். திருகிப் பார்க்கட்டுமா, காரைக்குடியில் விற்றால் விலை வருமா என்று கேட்கிறான். திருச்சியில் படிக்கும் மகளுக்கு மிளகு ஸ்பிரே வாங்கித் தரலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: ஆச்சி, முதலில் பையனைக் கையை எடுக்கச் சொல்லுங்கள். திருக வேண்டாம், ஆட்ட வேண்டாம், குமிழைத் தொடவே வேண்டாம். ஆயுதப்படையில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது, பெரும்பாலும், அந்தக் காலத்துக் கண்ணீர்ப்புகைப் பேனா. படத்தை மட்டும் பார்த்து உள்ளே தோட்டா இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏதோ நகர்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதன் மேல் ஒரு பயம் வரும். கண்ணீர்ப்புகையின் முக்கியச் சரக்கான சி.என். என்ற ரசாயனத்தை ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் கிரேபே 1871-லேயே தயாரித்துவிட்டார். முதல் உலகப்போர் முடிந்ததும், போருக்காகக் கற்ற வித்தையை ஊருக்குள் விற்க அமெரிக்காவில் பலர் கிளம்பினார்கள். 1921 ஜூலையில் பிலடெல்பியாவில் சுமார் 200 போலீஸ்காரர்களை நிறுத்தி, அவர்கள் மேல் கண்ணீர்ப்புகையை வீசிச் சோதித்துக் காட்டினார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கின் ஃபெடரல் லேபரட்டரீஸ், கிளீவ்லாந்தின் லேக் எரி கெமிக்கல் போன்ற நிறுவனங்கள் குண்டு, தடி, துப்பாக்கி, பேனா என்று பல உருவங்களில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. போலீஸோடு நிற்காமல் வங்கிக் காசாளர், கடைக்காரர், இரவில் பணத்தோடு போகிற வியாபாரி என்று தனி ஆட்களுக்கும் விற்றார்கள். கப்பல் ஏறித் தொழில் செய்த ஒருவர் தற்காப்புக்கென்று ஒன்றை வாங்கி வைத்திருந்தால் அதில் அதிசயம் இல்லை.

இப்போது அதன் உள்ளமைப்பு. தொடக்கூடாது என்று நான் சொல்வதன் காரணம் அதில்தான் இருக்கிறது.

எலிப்பொறியை இழுத்து மாட்டி வைத்தால், தொட்டவுடன் வில் அடிக்கும் அல்லவா? அந்தப் பேனாவும் அதே தத்துவம்தான். பின்பாதிக்குள் ஒரு சுருள்வில்லும் அதன் முன்னால் ஓர் அடிமுள்ளும் இருக்கும். வெளியே தெரிகிற குமிழ் அந்த அடிமுள்ளோடு சேர்ந்தது. முன்பாதியில் தோட்டா. அடிமுள் தட்டினால் தோட்டாவின் அடியில் உள்ள பொட்டு வெடித்து, கொஞ்சம் வெடிமருந்து எரிந்து, சி.என். தூளை முன்பக்கமாகத் தள்ளும். இந்தப் பொட்டுக்குப் பெயர் பிரைமர்.

வெடிப்பதற்கும் வெடிக்காமல் இருப்பதற்கும் நடுவே நிற்பது, குமிழ் ஒதுங்கி நிற்கும் ஒரு சின்ன வெட்டுத்தான். துப்பாக்கியில் விசைக்கு வளையக் காப்பு உண்டு, பலவற்றில் தனியே பாதுகாப்புத் தாழ்ப்பாளும் உண்டு. இந்தப் பேனாக்கள் பலவற்றில் அப்படி எதுவும் கிடையாது. சட்டைப்பையில் அடங்கவேண்டும், பார்த்தால் பேனாவாகத் தெரியவேண்டும் என்ற இரண்டுக்காகவும் பாதுகாப்பைக் குறைத்தே இவற்றைச் செய்திருக்கிறார்கள். புதிதாக இருந்தபோதே நம்ப முடியாத அமைப்பு இது. எண்பது தொண்ணூறு வருஷம் ஆனபின் அந்த வெட்டின் விளிம்பு தேய்ந்திருக்கும், வில்லில் துரு ஏறியிருக்கும், குமிழ் எந்த நிலையில் இறுகியிருக்கிறது என்பதும் தெரியாது. இறுகியதை விடுவிக்கிறேன் என்று லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வைஸில் மாட்டித் திருகினால், அந்த அதிர்ச்சியே அடிமுள்ளைத் தட்டிவிடப் போதும்.

பழசானால் மருந்து செத்துப்போயிருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதை நம்பி உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. ஈரத்தில் ஊறிய தோட்டா சில சமயம் வெடிக்காது. ஆனால் காற்றுப் புகாத தகரப் பெட்டியில், காய்ந்த ஊரில் இருந்த தோட்டா அப்படியே உயிரோடு இருக்கலாம். புதுக்கோட்டைச் சீமையின் வறட்சி அதைக் காப்பாற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சி.என். பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கேஸ் என்கிறோமே தவிர, சாதாரண வெப்பத்தில் அது வாயு இல்லை; வெள்ளை நிறப் படிகம். காற்றில் கரைந்து போய்விடாமல் துணியிலும் மரத்திலும் ஒட்டிக்கொள்ளும். தோட்டாவின் மூடி கசிந்திருந்தால் பெட்டியில் இருக்கும் துணியிலும் காகிதத்திலும் படிந்திருக்கும். பூ வாசம் போல இனிப்பாக ஒரு மணம் வந்தாலோ, பெட்டியைத் திறந்தவர்களுக்குக் கண் எரிந்தாலோ மேற்கொண்டு எதையும் கிளறாமல் வெளியே வந்துவிடுங்கள். அடைத்த அறையில் சி.என். நெடியை நிறைய சுவாசித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். பிற்பாடு உலகெங்கும் போலீஸ் சி.எஸ். என்ற வேறு சரக்குக்கு மாறியதற்கு இதன் நச்சுத்தன்மையும் ஒரு காரணம்.

கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். வெளியே காற்றோட்டத்துக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் போலக் கண்ணைக் கழுவுங்கள். கண்ணில் ஒட்டும் லென்ஸ் போட்டிருந்தால் கையைச் சோப்பால் கழுவிய பிறகு அதை எடுத்துவிடுங்கள். மேல்சட்டையைத் தலைவழியாகக் கழற்றாமல் பொத்தானைத் திறந்தோ வெட்டியோ எடுங்கள். தலைவழி இழுத்தால் துணியில் உள்ள தூள் மறுபடி முகத்தில் படும். விளக்கெண்ணெய், நெய், தாய்ப்பால் என்று யார் எதைச் சொன்னாலும் கண்ணில் விடாதீர்கள். எண்ணெய்ப்பசை ரசாயனத்தைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும். மூச்சு வாங்கினால், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து சட்டம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பையன் கேட்ட விலை விஷயம் இங்கேதான் அடிபடுகிறது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'தடைசெய்யப்பட்ட ஆயுதம்' என்று ஒரு வகை உண்டு. இயந்திரத் துப்பாக்கி மாதிரியானவை மட்டும்தான் அதில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நச்சுத் திரவத்தையோ வாயுவையோ வெளியே செலுத்தும்படி செய்யப்பட்ட எந்த ஆயுதமும் அதே வகைதான். அதற்கான தோட்டாவும் தடைசெய்யப்பட்ட தோட்டாதான். கலெக்டர் தரும் சாதாரண லைசென்ஸில் இதை வைத்துக்கொள்ள முடியாது. மத்திய அரசின் சிறப்பு அனுமதி வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை 7 ஆண்டில் தொடங்கி 14 ஆண்டு வரை போகும். இன்னொருவருக்கு விற்பதும் குற்றம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பீங்கான் ஜாடியும் ரவிவர்மா படமும் தாராளமாக விற்கலாம். இதை அங்கே கொண்டுபோய் விலை பேசினால் வாங்குகிறவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறீர்கள்.

பழம்பொருளுக்கு விலக்கு உண்டே என்று யாராவது சொல்வார்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவில் வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள, பழுது பார்த்தாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் உங்கள் சாமான் அதில் அடங்குமா என்று தீர்மானிக்க வேண்டியவர் அதிகாரி. நாமே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ள முடியாது. உள்ளே தோட்டா இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பயப்படாதீர்கள், இதுவரை நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஓர் ஆயுதத்தை 'வைத்திருந்தார்' என்று சொல்ல, அது தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலேயே சொல்லிவிட்டது. பூட்டிக் கிடந்த பெட்டிக்குள் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. இனி தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க 21-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த வழியில் போங்கள்.

ஒப்படைப்பது என்றால் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போவது இல்லை. சாமான் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். அறையைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கிற வேலை நடக்கும் பக்கமாக இருந்தால், சாமானை அகற்றும்வரை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். நிலையத்துக்கோ 112-க்கோ போன் செய்து, "வீடு பிரித்தபோது பழைய கண்ணீர்ப்புகைக் கருவி போல ஒன்று கிடைத்திருக்கிறது, உள்ளே தோட்டா இருக்கலாம்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 'ஒரு பேனா கிடைத்தது' என்று சொன்னால் வரமாட்டார்கள். தேவைப்பட்டால் மாவட்டக் காவல்துறையின் வெடிகுண்டு கண்டறிந்து அகற்றும் பிரிவை அவர்களே அழைத்துக்கொள்வார்கள். கிடைத்த நாள், இடம், அப்போது கூட இருந்த பங்காளிகள் பெயர் எல்லாம் எழுதி மனுவாகக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கட்டாயம் வாங்குங்கள். அந்தத் துண்டுக் காகிதம்தான் நாளைக்கு உங்களுக்குக் காப்பு. ஏற்கெனவே எடுத்த படங்களை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுக்களிலும் போடாதீர்கள்.

ஐயா நினைவாக இருக்கட்டுமே என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. தோட்டா அகற்றிச் செயலிழக்கச் செய்த பிறகு அது அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், அதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். திருக்கோகர்ணத்தில் 1910-இலிருந்து அருங்காட்சியகம் இருக்கிறது. சமஸ்தானக் காலத்து ஆயுதங்கள் அங்கே உண்டு. ஏற்பார்களா என்பது அவர்கள் முடிவு. ஐயாவின் கணக்குப் பேரேடுகளும் ரங்கூன் கடிதங்களும் அதே பெட்டியில் இருந்தால், என்னைக் கேட்டால் இந்தப் பேனாவைவிட அவைதான் பெரிய சொத்து. அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

மகளுக்கு ஸ்பிரே வாங்கும் விஷயம். பழைய பேனாவுக்குப் பின் வந்ததுதான் இன்றைய ஸ்பிரே. பேனா ஒரே தடவைதான் வெடிக்கும். தூள் சில அடி தூரமே போகும். எதிர்க்காற்று அடித்தால் நம் முகத்துக்கே திரும்பும். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஆலன் லிட்மன், தன் மனைவியோடு வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் தெருவில் யாரோ வழிப்பறி செய்த பிறகு, வெடிமருந்தே இல்லாமல் அழுத்தத்தில் பீய்ச்சும் டப்பாவை 1965-இல் உருவாக்கினார். அப்போது அதில் இருந்ததும் சி.என். தான். பிற்பாடுதான் மிளகாய்ச் சாறு அந்த இடத்துக்கு வந்தது. நாம் மிளகு ஸ்பிரே என்று சொன்னாலும் உள்ளே இருப்பது மிளகாயின் காரம்.

வாங்கிக் கொடுங்கள். புகையாகப் பரவுவதைவிடக் கம்பியாகப் பீய்ச்சுவது நல்லது, காற்றில் அவ்வளவாகத் திரும்பாது. காலாவதித் தேதி பாருங்கள். சரக்கு கெடாவிட்டாலும் உள்ளே உள்ள அழுத்தம் இறங்கிவிடும். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் டப்பா வெடிக்கலாம். ஹேண்ட்பேக்கின் அடியில் கிடந்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. எட்டும் பையில், எப்போதும் ஒரே பக்கம் இருக்கவேண்டும். வீட்டுக் கொல்லையில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருமுறை அழுத்திப் பழகட்டும். பீய்ச்சியவுடன் அங்கேயே நிற்காமல் ஆட்கள் இருக்கும் இடம் நோக்கி ஓடி, 112 அல்லது 181-ஐக் கூப்பிடவேண்டும். வாய்ச் சண்டைக்கும் ஆத்திரத்துக்கும் இதை எடுக்கவே கூடாது. தற்காப்புக்குத் தேவையான அளவுதான் பலம் பயன்படுத்தலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு. தகராறு ஒன்றில் ஸ்பிரே அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்துசெய்ய 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்தது. அதை அபாயகரமான ஆயுதமாகவும் கருதியது. விமானத்தில் போகும்போது கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, அரிமளம், ராயவரம், கோனாபட்டு, குழிபிறை என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பழைய வீடுகளைப் பிரிக்கும் மேஸ்திரிகளுக்கும், பித்தளை எடை போடும் பழைய இரும்புக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுதாத பேனா, தலைப்பக்கம் ஓட்டையுள்ள உலோகத் தடி, இன்னது என்று தெரியாத குழாய் எதுவானாலும் சுத்தியலால் தட்டாதீர்கள், உலையில் போடாதீர்கள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆச்சி, நீங்கள் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக நிலையத்துக்குப் போன் செய்யுங்கள்.