படத்து வீரனும் லயத்துப் பிள்ளையும்



கவ்வாத்துக் கத்தியைத் தோளில் வைத்து, படத்து வில்லன் மாதிரி போட்டோ எடுக்கும் பையன்களை நாம் லயத்திலே பார்க்கிறோம். “விளையாட்டுத்தானே” என்று விட்டுவிடுகிறோம். அது எதுவரை விளையாட்டு? இந்த மாதம் அதைப் பற்றிப் படிப்போம்.

கேரளத்தில் சேலேம்பிரா என்ற ஊரில் 2007 டிசம்பர் கடைசியில் ஒரு வங்கி கொள்ளை போனது. திருடர்கள் வங்கிக்குக் கீழ்மாடியை ஹோட்டல் நடத்தப் போவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்து, மேலே துளை போட்டு ஏறினார்கள். சுமார் 80 கிலோ நகையும் 50 லட்சம் ரூபாயும் போயின. ‘தூம்’ என்ற இந்திப் படத்தைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். படம் வழியைக் காட்டியது. தப்பிக்கும் வழியைக் காட்டவில்லை. டெலிபோன் அழைப்புகளை ஆராய்ந்த பொலிஸார் இரண்டு மாதத்தில் பிடித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் யாழ்ப்பாணத்தையும் பாருங்கள். 2017 ஜூலையில் கொக்குவிலில் இரண்டு பொலிஸாரை இளைஞர் கூட்டம் வாளால் வெட்டியது. இப்படியான வாள்வெட்டுகளுக்கு இந்தியப் படங்களே காரணம் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அதே படத்தை ஆயிரம் பேர் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறார்களே! போரின் காயம், வேலையில்லாமை, கூடாத சேர்க்கை, போதை எல்லாம் சேர்ந்த இடத்தில்தான் படம் தீக்குச்சியாகிறது. காய்ந்த விறகு இல்லாவிட்டால் தீக்குச்சி என்ன செய்யும்?

சினிமாவை மட்டும் திட்டுவதும் சரியில்லை. வடமராட்சி கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ப் படங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று அவர் எடுத்துக் காட்டினார். நல்லதையும் செய்த கலைதான் அது.

நாம் செய்யக்கூடியவை:

1. பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து படம் பாருங்கள். “அந்தக் கத்திக்குத்துக்குப் பிறகு அவன் அம்மா என்ன ஆனாள்?” என்று கேளுங்கள். படம் அதைக் காட்டாது.

2. கத்தி வேலை முடிந்ததும் பூட்டிய பெட்டிக்குள் போகட்டும்.

3. படிப்பை விட்ட பையன் சும்மா சுற்றினால் அடிக்காதீங்க, கதைத்துப் பாருங்க. வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், தொழிற்பயிற்சி எதிலாவது சேர்த்துவிடுங்க. வழி தெரியாவிட்டால் நலன்புரி அலுவலகத்துக்கு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.

படத்தில் அடிபட்டவன் அடுத்த படத்தில் எழும்பி வருவான். நம்ம லயத்தில் விழுந்த பிள்ளை எழும்ப மாட்டான்.